இருபது சதுரமும் ஒரு நீளத் துண்டும்: உட்லண்ட்ஸில் தைத்த போர்வை

போர்வை முடிந்துவிட்டது. அகலம் 42 அங்குலம், நீளம் 62 அங்குலம். முன்பக்கத்தில் இருபது சதுரங்கள், அவற்றுக்குக் கீழே ஒரு நீளத் துண்டு, இடையிடையே சிவப்புப் பட்டி. நடுவில் பழைய வாயில் புடவை, பின்பக்கம் நாலு முழ வேட்டி. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலும் அக்கம்பக்கத்து புளோக்குகளிலும் இருப்பவர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து வந்த தம்பிகள் சிலரும் சேர்ந்து தைத்தது. 2020இல் கிருமித்தொற்று நம்மைக் கதவுக்குள் அடைத்துப் போட்ட காலத்தைப் பற்றிய போர்வை. இதேபோல் தங்கள் வட்டாரத்திலும் செய்ய வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அளவு, துணி, தையல், அதோடு வழியில் மாற்ற வேண்டி வந்தவை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

துணியிலிருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையில் அதுதான் முக்கியமான கருவி.

"அந்த நாளெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். "நல்லாத்தான் இருந்தோம். சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்ல." அதற்கு மேல் பேச்சு நகராது. பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. கேள்வி அவ்வளவு பெரிதாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைப்பதில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். சர்க்கிட் பிரேக்கர் என்று இங்கே பெயர் வைத்த முடக்கம் 2020 ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கி ஜூன் 1 வரை, எட்டு வாரம். அந்த 56 நாளில் எது திங்கள், எது வியாழன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மணி தெரியும். ஒரு நாளுக்குள் எந்த மணி கனத்தது, எந்த மணிக்காகக் காத்திருந்தோம் என்பது உடம்புக்கே தெரியும். அதனால் கேள்வியை மாற்றினேன்: "ஒரு மணி நேரம் மட்டும் சொல்லுங்க. எந்த மணி?"

உடனே பதில் வந்தது. எதிர்வீட்டு அக்கா யோசிக்கவே இல்லை. "காலைல எட்டு. மூணு புள்ளைங்க, ஒரே லேப்டாப்." ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அன்று காலை எட்டு மணியை அவர் அப்படியே எடுத்து வைத்தார்: யார் முதலில் உட்காருவது, யார் அழுதது, யாரை சமையலறைக்கு அனுப்பினார் என்பது வரை.

அப்படித்தான் போர்வையின் வடிவம் கிடைத்தது. விடியற்காலை 5 மணியில் தொடங்கி நள்ளிரவு 12 வரை இருபது மணி, இருபது சதுரம். வரிசைக்கு நான்கு. மிச்சம் இருந்த 1, 2, 3, 4 மணிக்கு முதலில் நான்கு சதுரம் என்றுதான் வரைந்திருந்தோம். அது நீளத் துண்டாக மாறிய கதை பின்னால் வரும்.

துணியில் இப்படிச் செய்யலாம் என்ற எண்ணம் சாங்கியிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்து வைத்திருந்த பெண்கள், ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரம் ஒன்றில் தங்களைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தைத்துப் போர்வைகள் செய்தார்கள். எத்தல் மல்வனி என்ற கனடியப் பெண்மணி முன்நின்று நடத்திய வேலை. போர்வைக்கு 66 சதுரம், மொத்தம் மூன்று போர்வை. காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்கு என்று சொல்லி அவை வெளியே போயின. வேறு முகாமில் இருந்த ஆண்கள், சதுரத்தில் தைத்திருந்த பெயரைப் பார்த்துத்தான் தங்கள் மனைவி உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டார்கள். இரண்டு போர்வைகள் இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். சிறையையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையும் ஒரு தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது ஒரு முறையை: எல்லோருக்கும் ஒரே அளவுத் துணி, அதற்குள் அவரவர் விருப்பம்.

துணியும் அளவும்

அடித்துணி காடா. விலை குறைவு, ஊசி சுலபமாக ஏறும், நெசவு கண்ணுக்குத் தெரிவதால் எம்பிராய்டரி பழகாதவர்களும் இழையைப் பார்த்து நேராகப் போகலாம். காடாவை வாங்கியதும் வெட்டக் கூடாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, சூடான தண்ணீரில் அலசி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் வேலைப்பாட்டைச் சுற்றி உப்பிக்கொள்ளும்.

தைத்து முடித்த சதுரம் 8 அங்குலம். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் கால் அங்குலம் சேர்த்தால் எட்டரை. ஆனால் ஆட்களிடம் கொடுத்தது 10 அங்குலத் துண்டு. எம்பிராய்டரி போடப் போட துணி உள்ளே இழுக்கும், ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும். வளையம் மாட்டவும் ஓரத்தில் துணி வேண்டும். நடுவில் எட்டு அங்குலக் கட்டத்தைப் பென்சிலால் லேசாகக் கோடிட்டு, "இதுக்குள்ள மட்டும்" என்று சொல்லிக் கொடுத்தோம். திரும்பி வந்த பிறகுதான் எட்டரைக்கு வெட்டினோம். கோடு போட பென்சில் அல்லது தண்ணீரில் போகும் பேனா போதும். சூடு காட்டினால் மறையும் பேனாக்கள் வேண்டாம், குளிர்ந்த இடத்தில் வைத்தால் கோடு சில சமயம் திரும்ப வந்துவிடும்.

நூல் ஆறு இழையாக வரும். மெல்லிய கோட்டுக்கு இரண்டிழை, தடித்த கோட்டுக்கு மூன்றிழை. ஆறையும் சேர்த்துக் கோத்தால் காடாவில் ஓட்டை விழும். துணிக்கடைகளும் பொத்தான் கடைகளும் நிறைந்த கடைத்தொகுதி ஒன்றில் ஒரே சுற்றில் நூல், ஊசி, வளையம் எல்லாம் கிடைத்துவிடும்.

ஒருவருக்கு ஒரு ஜிப் பை: துணி, இரண்டு ஊசி, அவர் கேட்ட நிறங்களில் நூல், மணி எழுதிய சின்னச் சீட்டு. பையை அவரவர் வீட்டுக் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு வருவோம். குண்டூசி மட்டும் போடவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் வாரக்கணக்கில் துணியில் குத்தி வைத்தால் துருக்கறை ஏறிவிடும். வேலை இல்லாத நேரத்தில் வளையத்தையும் கழற்றி வைக்கச் சொன்னோம். இல்லாவிட்டால் வட்டமாக மடிப்பு விழும், இஸ்திரிக்கும் சரியாகாது.

ஒரே ஒரு சட்டம் வைத்தோம். அவரவர் சதுரத்தில் அவரவர் ஊசி மட்டும்தான். அடுத்தவர் திருத்தக் கூடாது.

இந்தச் சட்டத்துக்கு முதல் சோதனை பத்து மணிச் சதுரத்தில் வந்தது. ஒன்பதாவது மாடிப் பெரியம்மா தைத்தது. அந்த எட்டு வாரமும் பேரன் காய்கறிப் பையைக் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு மின்தூக்கிப் பக்கம் தள்ளி நின்று கையசைப்பானாம். வேறு வீட்டில் இருப்பவர்கள் உள்ளே வரக் கூடாத காலம். ஜூன் 2 முதல்தான் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அதுவும் நாளுக்கு இரண்டு பேர் மட்டும், பெரியவர்களைப் பார்க்கப் போக முடிந்தது. பெரியம்மாவுக்குக் கை நடுக்கம். கதவுக் கம்பிகள் வளைந்து வளைந்து போயிருந்தன. ஒரு தையல் அரை அங்குலம், அடுத்தது அரிசி அளவு. பையை மட்டும் பச்சை நூலில் நெருக்கி நெருக்கி, காடா தெரியாத அளவுக்கு நிரப்பியிருந்தார். குழுவில் ஒருவர், நன்றாகத் தைப்பவர், "கம்பியை மட்டும் நான் பிரிச்சு நேரா போட்டுடறேன், அம்மாவுக்குத் தெரியவே தெரியாது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் விடவில்லை. அந்தக் கம்பியை அந்த அம்மா எட்டு வாரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அது எப்படித் தெரிந்தது என்று சொல்ல அவருக்கு மட்டும்தான் உரிமை.

சதுரங்கள் வந்து சேர்ந்தபோது

எல்லாவற்றையும் விவரிக்கப் போவதில்லை. சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஐந்து மணி, ஒரு பேருந்து ஓட்டுநர். பேருந்தின் ஜன்னல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பொத்தான் துளைத் தையலில் ஓரம் கட்டியிருந்தார். பன்னிரண்டு ஜன்னல், ஒன்றில் மட்டும் ஒரு தலை. "ஒரு தாதி. தினம் அந்தப் புள்ள மட்டும்தான் ஏறும். பேசினதில்ல. அது ஏறலேன்னா எனக்கு மனசு கேக்காது" என்றார்.

மூன்று மணிச் சதுரம் வேறொரு தாதியுடையது. முகமே இல்லை. முகக்கவசம் மூக்கிலும் கன்னத்திலும் பதித்துவிட்டுப் போகும் தடத்தை மட்டும் காம்புத் தையலில் இரண்டு வளைகோடாக, வெளிர்சிவப்பில் இரண்டிழை நூலால் போட்டிருந்தார். தள்ளி நின்று பார்த்தால் சதுரம் காலியாகத் தெரியும். கிட்டே போனால்தான் அந்த முகம் வரும்.

ஏழு மணி நோன்புக் கஞ்சி. எங்கள் புளோக்கில் பல காலமாக இருக்கும் காக்கா (தமிழ் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்) ஒருவர் செய்தது. 2020இல் ரமலான் முழுக்க சர்க்கிட் பிரேக்கருக்குள்ளேயே போனது. ஏப்ரல் 24இல் தொடங்கி, மே 24 பெருநாள் அன்றும் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை. பள்ளிவாசல் மூடியிருந்ததால் கஞ்சிக்கு வரிசை இல்லை. அவர் தைத்தது ஒரு தூக்குச்சட்டி. மூடி பக்கத்தில் கிடக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. "இந்த சட்டி அந்த மாசம் ஈரமே ஆகல" என்றார்.

எட்டு மணி ஒரு பையனுடையது. ஏப்ரல் 25 இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தீவு முழுக்க ஜன்னலோரம் நின்று பாடினோமே, அந்த நேரம். கறுப்புத் துணித் துண்டை மேலே ஒட்டுத் தையலாக வைத்து, அதில் மஞ்சள் முடிச்சுத் தையலால் எதிர் புளோக்கின் கைவிளக்குகளைப் போட்டிருந்தான்.

ஒன்பது மணியை மலேசியத் தொழில்நுட்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார். 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியபோது இந்தப் பக்கம் தங்கிவிட்டவர். இரு பக்கத்தையும் இணைக்கும் காஸ்வே பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அவர் வாடகைக்கு இருந்த அறையின் ஜன்னலில் நின்றால் ஜோகூர் பாரு விளக்குகள் தெரியும். அவர் வீட்டுக்குப் போனது 2022 ஏப்ரல் 1, எல்லை முழுதாகத் திறந்த பிறகு. நீலச் சங்கிலித் தையலில் தண்ணீர், அதற்கு அப்பால் வரிசையாக மஞ்சள் புள்ளி. அதில் ஒரு புள்ளி மட்டும் சிவப்பு. எந்த வீடு என்று நாங்கள் கேட்கவில்லை.

பதினோரு மணிச் சதுரம் தமிழ்ப் புத்தாண்டு. 2020 ஏப்ரல் 14, சார்வரி ஆண்டுப் பிறப்பு. வீட்டுக்கு வெளியே முகக்கவசம் கட்டாயமானதும் அதே நாள்தான். கோயில் மூடியிருந்தது. அதைச் செய்த தங்கை, அரசாங்கம் வீடுதோறும் கொடுத்த துணி முகக்கவசத்தையே பிரித்து, ஓரத்தில் மாவிலைத் தோரணம் தைத்திருந்தாள். அழகான யோசனை. ஆனால் அந்தத் துணி பனியன் போல இழுபடும் பின்னல் துணி, காடா நெய்த துணி. இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் பின்னல் துணியை இழுக்காமல் காடாவின் மேல் படுக்க வைத்து, முதலில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீள ஓட்டுத் தையலால் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகே ஓரம் தைக்க வேண்டும்.

இரண்டு மணிச் சதுரம் கடைசியாகத்தான் வந்தது. கறுப்பு நூலில் ஒரு செவ்வகம், ஆறு அங்குலம் உயரம், மூன்று அங்குலம் அகலம், மூலைகள் சற்று வளைந்து. கைப்பேசி அளவு. உள்ளே ஒன்றும் கிடையாது. ஊரில் காலை பதினொன்றரை என்றால் இங்கே மதியம் இரண்டு. அதைத் தைத்தவரின் அம்மாவை அன்று அந்த நேரத்துக்கு எடுத்தார்கள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, "இவ்ளோதான் தெரிஞ்சது" என்றார். அந்தச் சதுரத்தில் பென்சில் கோடு ஒன்று அழியாமல் இருந்தது. அதை மட்டும் ஈரத்துணியால் துடைத்தோம்.

நீளத் துண்டு

விடுதித் தம்பிகளை எனக்கு முன்பே தெரியும். ஞாயிறுகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்து மேசையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள். கட்டுமான வேலை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம். மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்வியை அவர்களிடமும் கேட்டேன். எந்த மணி?

கொத்தனார் தம்பி ஒருவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "எங்களுக்கு மணின்னு தனியா ஏதுக்கா? எல்லா மணியும் அந்த ரூம்தான்."

எங்கள் கட்டம் அங்கே நின்றுபோனது, நின்றது நியாயம். எனக்கு அடைப்பு எட்டு வாரம். அவர்களுக்கு அப்படி இல்லை. 2020 ஏப்ரல் 5 முதல் விடுதிகள் ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. சாப்பாடு பொட்டலத்தில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி, ஏறக்குறைய 323,000 விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியிருந்தது. நாங்கள் கடைத்தொகுதிகளுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவர்களுக்கு வேலைத்தளம், விடுதி, பொழுதுபோக்கு நிலையம், இவ்வளவுதான். பொது இடங்களுக்குப் போகச் சிறு எண்ணிக்கையில் அனுமதித்த முன்னோட்டத் திட்டமே 2021 செப்டம்பரில்தான் தொடங்கியது. ஆளுக்கு ஒரு மணி என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் வீட்டுக்குள் இருந்த அடைப்புக்குப் பொருந்தும். பன்னிரண்டு பேர் ஒரே அறையில், அடுக்குக் கட்டிலில், தனியாக இருக்கவே முடியாமல் தனித்துக் கிடந்தவர்களுக்கு அந்தக் கட்டம் பொருந்தாது.

நான்கு இரவுச் சதுரங்களையும் அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம். கொத்தனார் தம்பி வேண்டாமென்றார். "நடுவுல பட்டி வச்சுப் பிரிக்காதீங்க. நாங்க ஒரே ரூம்ல இருந்தோம்." எவ்வளவு சரியான பேச்சு! நான்கு சதுரமும் இடையிலுள்ள மூன்று பட்டியும் சேர்த்தால் 38 அங்குலம். அந்த நீளத்தில், எட்டு அங்குல உயரத்தில், ஒரே துண்டாகக் காடா வெட்டிக் கொடுத்தோம், ஓரத்துக்கு வழக்கம்போல் கூடுதல் விட்டு.

அவர்கள் வரைந்தது அடுக்குக் கட்டில்கள். கோடு போட்ட விதத்தைப் பார்த்தேன். அளவுகோலைத் தொடவே இல்லை. நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி, இரண்டு பேர் இரு முனையில் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு. 38 அங்குலத்துக்கும் ஒரே நேர்க்கோடு. பொடி தட்டினால் போய்விடும், தைக்கும் வரை நிற்கும். அதன்பிறகு நீளக் கோடு எல்லாவற்றுக்கும் நாங்களும் அதையே செய்தோம்.

கட்டிலுக்குக் கட்டில் கைலி தொங்கவிட்டிருப்பார்கள், மறைப்புக்கு. அதையே துணியில் செய்தார்கள். பழைய கைலியை ஒன்றே கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலமாக வெட்டி, மூன்று பக்கம் ஓரம் மடித்துத் தைத்து, மேல் ஓரத்தை மட்டும் கட்டில் கோட்டில் பிடித்தார்கள். கீழே திறந்திருக்கும். விரலால் தூக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கைலிக்குப் பின்னாலும் ஒன்று இருக்கிறது. ஒன்றில் கைப்பேசி வெளிச்சம், ஒரே ஒரு மஞ்சள் முடிச்சு. ஒன்றில் குழந்தையின் கால். இன்னொன்றில் மாத்திரை அட்டை. ஒன்றில் தட்டு, அதில் சோறு அப்படியே. ஒன்றின் பின்னால் எதுவும் இல்லை. "அவன் ஊருக்குப் போயிட்டான்" என்றார்கள்.

எல்லோரும் தைத்தார்கள் என்றில்லை. சிலர் வெட்டினார்கள், சிலர் நூல் கோத்துக் கொடுத்தார்கள். வெல்டிங் வேலை பார்க்கும் ஒருவரின் தையல்தான் குழுவிலேயே ஒரே சீராக இருந்தது.

பட்டியும் இணைப்பும்

இணைக்கும் பட்டிக்கு என்ன நிறம் என்பதில் நிறையப் பேச்சு. கீழ்த்தளக் கல் மேசைகளிலும் விளையாட்டு மைதானத்திலும் யாரும் வரக் கூடாதென்று அப்போது குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்ததே, அதையே பட்டியாக வைக்கலாம் என்று பையன் சொன்னான். பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த நாடாவைப் பார்த்தாலே இன்னும் வயிற்றைக் கலக்குகிறது என்றார். இரண்டு ஞாயிறு தள்ளிப் போட்டுப் பேசினோம். கடைசியில் சிவப்புத் துணியில் வெள்ளை நூலால் சாய்கோடு தைப்பது என்று முடிவு செய்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: என் சதுரத்தைச் சுற்றி மட்டும் சாய்கோடு வேண்டாம். அப்படியே விட்டோம். பத்து மணியைச் சுற்றி வெறும் சிவப்பு.

சிவப்புப் பருத்தி சாயம் விடும். காடாவுக்குப் பக்கத்தில் அது ஆபத்து. வெட்டும் முன் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரியை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இப்போது கடையில் வரும் துணிக்கு அது பெரும்பாலும் உதவாது. துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் மிச்சச் சாயத்தைச் சோப்பும் சூடான தண்ணீரும் விட்டுத் திரும்பத் திரும்ப அலசி வெளியேற்ற வேண்டும், தண்ணீர் தெளிவாகும் வரை. பொறுமை வேண்டிய வேலை, குறுக்குவழி கிடையாது.

பட்டி முடிந்த அகலம் 2 அங்குலம், வெட்டுவது இரண்டரை. பாவு இழையின் திசையில், அதாவது துணியின் நீளவாட்டில், வெட்டினால் இழுபடாது. முதலில் வரிசை வரிசையாக, பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று. இந்த நேர்த்தையல் மட்டும் மெஷினில். எம்பிராய்டரியை இஸ்திரி போடும்போது தடித்த துண்டின் மேல் குப்புறப் போட்டு, பின்பக்கத்திலிருந்து அழுத்த வேண்டும். அப்போதுதான் முடிச்சுகள் தட்டையாகாது.

முன்பக்கம் முழுதாகச் சேர்ந்ததும் தரையில் விரித்தோம். எல்லோருக்கும் திருப்தி. கொத்தனார் தம்பி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். "மூலைக்கு மூலை புடிச்சுப் பாத்தீங்களா அக்கா?" டேப்பை எடுத்தார். நாலு பக்க அளவும் சரியாக இருந்தாலும் கட்டம் கோணலாக நிற்கலாம். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் மட்டம் சரி, வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது பார்ப்பது அதுதான் என்று விளக்கினார். 42க்கு 62 என்றால் மூலைவிட்டம் 75 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். ஒன்று சரியாக வந்தது, மற்றது முக்கால் அங்குலம் கூடுதல். எங்கே ஓடியிருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார்: முகக்கவசச் சதுரம். காடாவையும் சேர்த்து ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அந்தச் சதுரத்தின் இரண்டு பக்கத் தையலை மட்டும் பிரித்து, ஈரம் தெளித்து, தட்டி மட்டமாக்கிக் காயவிட்டு, திரும்பத் தைத்தோம். இரண்டு மூலையும் ஒன்றாயின.

நடு அடுக்குக்குக் கடையில் பஞ்சு விரிப்பு கிடைக்கும். நம் வெக்கைக்கு அது தேவையில்லை. பழைய வாயில் புடவையை இரண்டு மடிப்பாகப் போட்டோம். 46 அங்குல அகலம், போர்வைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிஞ்சும். நாலு முழ வேட்டியும் கச்சிதமாகப் பொருந்தியது. வேட்டியின் கரையை வெட்டி எடுக்கவில்லை. பின்பக்கத்தில் ஒரு ஓரமாக அது ஓடுகிறது.

மூன்று அடுக்கையும் பிடிக்கும் கைத்தையல்தான் இந்த வேலையில் நீளமானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். கீழ்த்தளத்து மேசையில் விரித்துச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போக வேண்டும், ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவியும். அங்குலத்துக்கு நான்கு ஐந்து தையல் போதும், அதைவிடப் பொடியாக யாரும் போட வேண்டியதில்லை. பட்டிகளில் மட்டும்தான் இந்தத் தையல் ஓடுகிறது, சதுரங்களைத் தொடவில்லை. நீளத் துண்டில் கைலிகளை மேலே தூக்கிக் காகித நாடாவால் ஒட்டி வைத்துவிட்டுத் தைத்தோம், தவறி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று.

இந்த மேசையில்தான் பேச்சு வந்தது. கண் ஊசியில் இருக்கும், கை வேலையில் இருக்கும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பேருந்து ஓட்டுநர் அந்தத் தாதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்ப் பக்கம் இருந்த எங்கள் தாதி, "அவங்க எந்த ஸ்டாப்புல இறங்குவாங்க?" என்று கேட்டார். அவர் சொன்ன நிறுத்தம் இவருக்கும் தெரிந்ததுதான். பேருந்தில் ஏறியது இவர் இல்லை, வேறொருவர். ஆனாலும் அன்று மாலை முழுக்க இருவரும் அதையே பேசினார்கள். கைலி ஒன்றைத் தூக்கிப் பார்த்த பெரியம்மா, சோற்றுத் தட்டைக் காட்டி, "ஏம்பா சாப்பிடல?" என்று நேரடியாகவே கேட்டார். தம்பி சிரித்தார். பிறகு பதில் சொன்னார். நீளமான பதில். அதை இங்கே எழுத அவர் அனுமதி தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஓரப்பட்டிக்கு மிஞ்சிய சிவப்புத் துணி. சுற்றளவு 208 அங்குலம், மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்து 220 வெட்டிக்கொள்ளுங்கள். பட்டித் துண்டுகளைச் சாய்வாக இணைத்தால் தடிப்பு ஓரிடத்தில் சேராது.

தொங்கவிடப் பின்பக்க மேல் ஓரத்தில் நான்கு அங்குல அகலக் குழல் ஒன்று தைத்திருக்கிறோம். வீட்டில் துணி காயப்போடும் மூங்கில் கழி அதில் நுழையும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வெயில் படும் சுவரில் வேண்டாம், சிவப்பு வெளுக்கும். மடித்து வைத்தால் மாதம் ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். துவைப்பதாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் கையால், பிழியாமல்.

இப்போதைக்கு வீட்டுக்கு ஒரு மாதம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. விடுதி அறையில் வைக்க இடமில்லை என்று தம்பிகள் சொன்னதால், அவர்கள் முறை வரும் மாதத்தில் வசிப்போர் குழு அறையின் சுவரில் மாட்டுகிறோம். ஞாயிறுகளில் நண்பர்களை அழைத்துவந்து காட்டுகிறார்கள். போன முறை வந்தவர்களில் இருவர், எங்கள் அறையில் கட்டில் வேறு மாதிரி போட்டிருந்தார்கள் என்றார்கள். இன்னொரு 38 அங்குலத் துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறேன். போர்வையின் மேல் ஓரத்தைப் பிரித்து அதைச் சேர்ப்பதா, தனியாகவே விடுவதா என்பதை அவர்கள் தைத்து முடித்த பிறகு உட்கார்ந்து பேசுவோம்.